மோட்டார் பெருசானா ஆழத்துத் தண்ணி ஏறுமா?

ஆத்தூர் பக்கத்து வாசகர் கேட்டது, 3.2.2024

அண்ணா, எங்க ஜவ்வரிசி ஆலைக் கிணத்துல தண்ணி 26 அடிக்கு இறங்கிடுச்சு. தரை மேல 5 எச்பி மோனோபிளாக் பம்பு, மோட்டாரும் பம்பும் ஒண்ணாச் சேர்ந்தது, இருக்குது. ரெண்டு நாளா தண்ணி வருது, நிக்குது, ஜல்லி அரைக்கிற மாதிரி சத்தம் வேற. இழுக்குற சக்தி பத்தல, 7.5 எச்பி மாத்துனா சரியாயிடும்னு கடைக்காரர் சொல்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மாத்திடலாமா?

3.2.2024, இரவு

வாங்காதீங்க தம்பி. முன்பணம் குடுத்திருந்தா நாளைக்கே போய் நிறுத்துங்க.

பம்பு தண்ணியை இழுக்கறதே இல்ல. தண்ணியை யாராலயும் இழுக்க முடியாது, பிடிச்சு இழுக்க அதுல பிடிமானம் எதுவும் கிடையாது. உள்ள சுத்துற இம்பெல்லர் தன்கிட்ட இருக்கிற தண்ணியை வெளிப்பக்கமா வீசுது. வீசுன உடனே நடுவுல, தண்ணி நுழையற அந்தக் கண் பக்கத்துல, அழுத்தம் குறையுது. அதே நேரம் கிணத்துத் தண்ணி மேல வெளிக்காத்து உக்காந்து அழுத்திட்டிருக்கு. அந்த அழுத்தந்தான் தண்ணியைக் குழாய் வழியா மேல தள்ளி அனுப்புது. பம்பு செய்யறதெல்லாம் இடத்தைக் காலி பண்ணிக் குடுக்கறது மட்டும்தான்.

வெளிக்காத்து தள்ள முடிஞ்ச உயரம் 34 அடி. நீங்க 5 எச்பி போட்டாலும் 50 எச்பி போட்டாலும் வெளிக்காத்தோட பலம் ஒண்ணுதான். உங்க மோட்டாரும் கடைக்காரர் சொல்ற மோட்டாரும் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2880 சுத்துதான் சுத்தும். அதே பம்புல எது மாட்டியிருக்குன்னு தண்ணிக்குத் தெரியவே தெரியாது.

4.2.2024, காலை

செலவில்லாம ஒரு சோதனை. பம்பு ஓடி, அந்த ஜல்லிச் சத்தம் வரும்போது டெலிவரி வால்வை, அதாவது தண்ணி வெளிய போற பக்கத்து வால்வை, கொஞ்சம் கொஞ்சமா மூடுங்க. பாதிக்கு வர்றதுக்குள்ள சத்தம் அடங்கி, குறைவா வந்தாலும் தண்ணி சீரா வந்துட்டா, பம்புல கோளாறு இல்ல, சக்சன் பக்கந்தான், அதாவது தண்ணி பம்புக்குள்ள வர்ற பக்கந்தான், பத்தாக்குறைன்னு அர்த்தம். குறைவாத் தண்ணி எடுத்தா கண் பக்கத்துல பம்புக்கு வேண்டிய அழுத்தமும் குறையும், குழாய் உராய்வும் குறையும். அதனாலதான் அடங்குது.

இப்ப திருப்பி யோசிச்சுப் பாருங்க. பெரிய பம்பாப் போட்டா இன்னும் அதிகத் தண்ணி கேக்கும், சக்சன் பக்கம் இன்னும் மோசமாகும். 7.5 எச்பி பம்புசெட் முழுசா வாங்கி மாட்டியிருந்தா, இப்ப வர்ற தண்ணியும் வந்திருக்காது.

4.2.2024, மதியம்

நேத்து 34 அடின்னு மொத்தமா எழுதிட்டேன். திருத்தணும். அது கடல்மட்டத்துக் கணக்கு, 10.3 மீட்டர். நம்ம சேலம் கடல்மட்டத்துக்கு மேல 280 மீட்டர் சுமாருக்கு இருக்கு, இங்க 10 மீட்டர்தான், 33 அடிக்குக் கொஞ்சம் கம்மி.

அதுவும் முழுசாக் கையில கிடைக்காது. 30 டிகிரித் தண்ணி ஆவியாகாம இருக்க 0.4 மீட்டர் அழுத்தம் அதுக்கே வேணும். இம்பெல்லர் கண்ணுக்குள்ள நுழையறப்ப பம்பு ஒரு பங்கைத் தின்னுடும். அது பம்புக்குப் பம்பு மாறும், நம்ம ஊர் சின்ன மோனோபிளாக்குக்கு ரெண்டரை மீட்டர்னு வெச்சுக்கலாம். குழாய் அடியில இருக்கிற புட்வால்வு, குழாய் வளையற பெண்டு, குழாய் உராய்வெல்லாம் சேர்ந்து முக்கால் மீட்டர். கழிச்சாச்சுன்னா மிச்சம் 6.3 மீட்டர், 21 அடி. உங்க தண்ணி 26 அடியில இருக்கு தம்பி. அஞ்சடி துண்டு விழுது. அந்த அஞ்சடியை எந்த மோட்டாராலும் கட்ட முடியாது.

7.2.2024

இந்த அளவுக்கு அழுத்திச் சொல்றதுக்கு எனக்கு ஒரு காரணம் இருக்கு. எழுதிடறேன்.

2016 ஜனவரி. ஏற்காட்டுல ஒரு காப்பித் தோட்டம். பழம் அரைக்கிற பல்பருக்கும், கொட்டை கழுவற தொட்டிக்கும் கீழ குட்டையிலிருந்து தண்ணி ஏத்தணும். ஆட்டையாம்பட்டிப் பக்கம் நான் மாட்டி, 20 அடியில மூணு வருஷம் முனகாம ஓடுன அதே பம்பைத் தோட்டக்காரர் வாங்கி 20 கொண்டை ஊசி வளைவும் ஏத்திக் கொண்டுபோயிட்டார். நான்தான் மாட்டினேன். குட்டை நிறைஞ்சிருந்த வரைக்கும் நல்லா ஓடுச்சு. பொங்கல் கழிஞ்சு குட்டை இறங்கி, தண்ணிக்கும் பம்புக்கும் 20 அடி ஆனதும் சத்தம் போட ஆரம்பிச்சுது.

புட்வால்வு மாத்தினேன். ஷாஃப்ட்டைச் சுத்தி அடைக்கிற கிளாண்டுக் கயிறு மாத்தினேன். சக்சன் ஜாயிண்ட் ஒவ்வொண்ணா ஊதுபத்தி கொளுத்திக் காட்டினேன், புகை உள்ள போகுதான்னு. எங்கயும் போகல. கடைசியா இம்பெல்லரே புதுசு வாங்கி மாட்டினேன். மூணு நாள். பறிச்ச பழத்தை அன்னன்னிக்கே அரைக்கணும், போட்டு வெச்சா புளிச்சுடும். மூணாம் நாள் சாயங்காலம் சாக்குக் குவியலுக்குள்ள கையை விட்டப்ப சூடா இருந்துச்சு, காடி நாத்தம். காலையில பனியில நின்னு அதைப் பறிச்ச பொம்பளைங்க அங்கதான் உக்காந்திருந்தாங்க. யாரும் என்னைத் திட்டல. நான் தலை நிமிர முடியாம நின்னேன்.

கீழ இறங்கி வந்து எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த பெரியவர்கிட்டப் போய்ச் சொன்னேன். அவர் ஒரே கேள்வி கேட்டார். "மலையில காத்து லேசு, கழிச்சியா?"

கழிக்கல. ஏற்காடு 1500 மீட்டர் உயரம். அங்க காத்தால தள்ள முடியறது 8.6 மீட்டர்தான், 28 அடி. சேலத்தைவிட 1.4 மீட்டர் குறைவு. தண்ணி ஜில்லுன்னு இருக்கறதால ஆவிக் கணக்குல 0.2 மீட்டர் திரும்பக் கிடைக்கும். அப்படியும் நாலடி போச்சு. 21 அடி எடுக்கிற பம்பு அங்க 17 அடிதான் எடுக்கும். நான் 20 அடியில நின்னுக்கிட்டு இம்பெல்லரைக் குத்தம் சொல்லிட்டிருந்தேன்.

மறுநாள் விடியறதுக்குள்ள மேல போய், சரிவுல மண்ணை வெட்டி, பம்பை ஆறடி கீழ இறக்கிக் கல்லு மேல உக்காரவெச்சோம். முதல் பட்டனுக்கே தண்ணி பீறிட்டு வந்துச்சு. கழட்டிப் போட்ட பழைய இம்பெல்லரையே திரும்ப மாட்டினேன், அதுலயும் வந்துச்சு. புது இம்பெல்லர் காசையும் என் கூலியையும் தோட்டக்காரர்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டேன். பழத்தைத் திருப்பிக் குடுக்க என்னால முடியல.

8.2.2024

அந்த ஜல்லிச் சத்தம் என்னன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க.

காத்து புகுந்தாலும் சத்தம் வரும், ஆனா அது வேற மாதிரி, கொப்புளிக்கிற சத்தம். ஜல்லி கொட்டற சத்தம்னா உள்ள தண்ணி கொதிக்குது. பச்சைத் தண்ணிதான், 30 டிகிரிதான். அழுத்தம் போதுமான அளவு குறைஞ்சா அந்தச் சூட்டுலயே தண்ணி கொதிக்கும். ஏற்காட்டுல உலையே 95 டிகிரியில கொதிச்சுடுதே, பருப்பு வேகத் தாமதமாகுதே, அதே சங்கதிதான். இம்பெல்லர் கண்ணுல அழுத்தம் வெளிக்காத்தோட அழுத்தத்துல இருபதுல ஒரு பங்குக்குக் கீழ போயிட்டா குமிழி குமிழியா ஆவி கிளம்பும். ஓரத்துக்குப் போகப் போக அழுத்தம் ஏறும். குமிழி அங்க அப்படியே நொறுங்கும். காலியான இடத்துக்குத் தண்ணி நாலு பக்கமும் பாய்ஞ்சு மோதும். ஒவ்வொரு மோதலும் ஒரு சுத்தியல் அடி, ஊசிமுனை அளவுக்கு. அப்படி லட்சக்கணக்கான அடி விழுந்தா வார்ப்பிரும்பு பிஞ்சு வரும். பிரிச்சுப் பார்த்தா இறக்கையில நுழைவுப் பக்கம் கறையான் அரிச்ச பலகை மாதிரி குழி குழியா இருக்கும். மணல் தேய்ச்ச இம்பெல்லர் வழவழன்னு இருக்கும், விரல் வெச்சாலே வித்தியாசம் தெரியும். பழைய இம்பெல்லரைத் தூக்கி வீசறதுக்கு முன்னாடி தடவிப் பாருங்க. நோய் என்னன்னு அதுவே சொல்லிடும்.

ஆம்பியரையும் பாருங்க. 5 எச்பிக்கு முழு லோடுல ஏழு, ஏழரை ஆம்பியர் வரும். அது சட்டுனு இறங்கினா பம்புல தண்ணி இல்லன்னு அர்த்தம். மோட்டாருக்குச் சக்தி பத்தலன்னா ஆம்பியர் ஏறணும், இறங்காது. கடைக்காரர் இதைப் பார்த்திருந்தா 7.5 எச்பி பேச்சே வந்திருக்காது.

8.2.2024, இரவு

மலையில காத்து லேசுங்கறதைக் கண்ணால பார்த்த கதை. 1643 வாக்குல இத்தாலியில டாரிசெல்லி தண்ணிக்குப் பதிலா பாதரசத்தைக் குழாயில நிறுத்திக் காட்டினார், 76 செண்டிமீட்டர் நின்னுச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு, 1648 செப்டம்பர் 19-ல, பாஸ்கல் சொன்னபடி அவரோட அக்கா வீட்டுக்காரர் பெரியே பிரான்சுல புய்-த-டோம் மலை மேல அந்தக் குழாயைத் தூக்கிட்டு ஏறினார். உச்சியில பாதரசம் எட்டு செண்டிமீட்டருக்கு மேல இறங்கியிருந்துச்சு. கீழ மடத்துல வெச்சுட்டு வந்த குழாயில நாள் பூரா அசையவே இல்ல.

அந்த மலை 1465 மீட்டர். ஏற்காடு ஊர் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். இதை முன்னாடியே படிச்சிருந்தா அந்தச் சாக்கு மூட்டைங்க தப்பிச்சிருக்கும்.

11.2.2024

ஏற்காட்டுக் கதையைத் திரும்பப் படிச்சேன். முழுப் பழியையும் மலை மேல போட்டது நியாயமில்ல. சமவெளியில அந்தப் பம்பு கிணத்துக்கு நேர் மேல இருந்துச்சு, சக்சன் குழாய் 25 அடிதான். தோட்டத்துல சரிவோட படுத்து வந்த குழாய் 40 அடிக்கு மேல, மூணு பெண்டு, அதுல ஒண்ணு பம்பு வாயிலயே. அதே ரெண்டு இஞ்சு குழாய். அதுல ஒரு அடி, ஒண்ணரை அடி போயிருக்கும். நாலடி மலை தின்னுச்சு, மிச்சத்தை என் குழாய் வேலை தின்னுச்சு.

ரெண்டு இஞ்சை ரெண்டரை ஆக்கியிருந்தா அதே தண்ணிக்கு உராய்வு மூணுல ஒரு பங்காயிருக்கும். விட்டத்தோட அஞ்சாம் படிக்குக் குறையும், அவ்வளவு பெரிய லாபம். டெலிவரியில சிக்கனம் பண்ணுங்க, கரண்டுல போகும், அவ்வளவுதான். சக்சன்ல பண்ணாதீங்க. பம்பு வாய்க்கு முன்னாடி குழாய் விட்டத்தைப் போல அஞ்சு மடங்காவது நேர்க் குழாய் விடுங்க. பெரிய குழாயிலிருந்து பம்பு வாய்க்கு இறக்கும்போது விட்டத்தைக் குறைக்கிற ரெடியூசர்ல ஒரு பக்கம் மட்டும் சாய்ஞ்சதாப் போட்டு, தட்டைப் பக்கம் மேல இருக்கிற மாதிரி மாட்டுங்க. இல்லன்னா மேல்மூலையில காத்து தங்கி, பம்பு நின்னு நின்னு எடுக்கும்.

12.2.2024

ஆத்தூர் தம்பி வால்வைப் பாதி மூடிப் பார்த்தாராம். சத்தம் நின்னுச்சாம். 7.5 எச்பி வாங்கல.

12.2.2024, இரவு

அப்ப என்ன பண்றதுன்னு கேக்கறார். நம்ம தாத்தாக்கள் பண்ணினதைத்தான். பம்பைத் தண்ணிகிட்டக் கொண்டுபோங்க.

சேலம் மாவட்டத்துப் பழைய கிணறுகள்ல எட்டிப் பாருங்க. பாதி ஆழத்துல பாறையில ஒரு திட்டு வெட்டியிருக்கும், இல்ல ரெண்டு இரும்பு உத்தரம் குறுக்கப் போட்டு மேடை கட்டியிருக்கும். அங்கதான் மோட்டார். சின்ன வயசுல எங்க கிணத்துல மோட்டார் ஏன் அந்த இருட்டுக்குள்ள உக்காந்திருக்குன்னு அப்பாகிட்டக் கேட்டேன். "மேல வெச்சா அது கேக்காது"ன்னார். கவலை கட்டி இறைச்ச காலத்துல இந்தத் தொல்லை இல்ல. சால் தண்ணிக்குள்ளயே போய் மொண்டு வந்துடும், மாடு இழுக்கிற பலம் இருந்தா எவ்வளவு ஆழமும் ஆழந்தான். பம்பு வந்த பிறகு, படிக்காத மனுசங்க தாங்களே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிச்சதுதான் அந்தத் திட்டு. எனக்கு அதைப் பார்க்கிறப்பெல்லாம் ரொம்பப் பெருமையா இருக்கும்.

ஆனா மழை வந்தா கிணறு ஊறி மோட்டார் முழுகும். ஐப்பசியில நடுராத்திரி டார்ச் லைட்டைக் கவ்விக்கிட்டு அப்பா படியில இறங்க, மேல நாங்க கயித்தைப் பிடிச்சு மோட்டாரை ஏத்துவோம். ஒரு வருஷம் பிந்திட்டோம். ரீவைண்டிங்குக்கு ஆடு வித்தாங்க.

15.2.2024

ஓமலூர் தம்பி கேட்டது: 33 அடிதான் எல்லைன்னா, ஊர்ல அடி பம்பு 100 அடி ஆழத்திலிருந்து எப்படித் தண்ணி குடுக்குது?

நல்ல கேள்வி. நம்ம ஊர்கள்ல நிக்கிற இந்தியா மார்க் 2 பம்புல சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் கீழ தண்ணிக்குள்ள இருக்கு. மேல நீங்க அடிக்கிற கைப்பிடி ஒரு நீளக் கம்பியை மேலயும் கீழயும் ஆட்டுது. கீழ பிஸ்டன் தண்ணியைத் தூக்கி விடுது. உறிஞ்சறதே இல்ல, அதனால காத்தோட எல்லை அதைக் கட்டாது. வீட்டுக் கொல்லையில இருந்த சின்ன பம்பு, மேல சொம்புத் தண்ணி ஊத்தித்தான் அடிக்கணுமே, அதுல வாஷர் மேலயே இருக்கும். அது கோடையில கை விட்டுடும்.

தண்ணிக்குள்ளயே முழுகிக் கிடக்கிற சப்மெர்சிபிள் பம்பும் அப்படித்தான், கீழயிருந்து தள்ளுது.

16.2.2024

இதை எழுதினப்பதான் உறைச்சுது. ஆத்தூர் தம்பிக்கு நான் முதல்லயே ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் பத்திச் சொல்லியிருக்கணும். படுக்க வெச்ச மாதிரி கிணத்துத் தண்ணிக்குள்ளயே கிடக்கும், சக்சன் குழாயும் கிடையாது, புட்வால்வும் கிடையாது, மழையில தூக்கவும் வேணாம். கையில நல்ல மோனோபிளாக் இருக்கே, புதுசு எதுக்குன்னு என் மனசு அந்தப் பக்கம் போகவே இல்ல. தம்பி, இந்த வருஷம் மேடை கட்டி ஓட்டுங்க. இந்த பம்பு தேய்ஞ்சு மாத்துற நாள்ல அதை வாங்குங்க.

19.2.2024

வால்வை மூடிப் பாருங்கன்னு 4-ஆம் தேதி எழுதினது எல்லா பம்புக்கும் இல்ல! ஒருத்தர் பர்னருக்கு எண்ணெய் தள்ளற கியர் பம்புல செஞ்சு பார்க்கப் போறேன்னு எழுதியிருக்கார். செய்யாதீங்க. கியர் பம்பும் பிஸ்டன் பம்பும் ஒரு சுத்துக்கு இவ்வளவுன்னு எண்ணிப் பிடிச்சுத் தள்ளும். வாயை மூடினா அழுத்தம் ஏறிக்கிட்டே போகும். அழுத்தம் மிஞ்சினா திறந்து விடற ரிலீஃப் வால்வு இல்லன்னாலோ, சிக்கியிருந்தாலோ குழாய் வெடிக்கும், இல்ல ஷாஃப்ட் முறியும். சூடான எண்ணெய் மேல தெறிக்கும். நான் சொன்னது இம்பெல்லர் வெச்ச பம்புக்கு மட்டும். அதையும் முழுசா மூடி ஓடவிடக் கூடாது, உள்ள இருக்கிற தண்ணி அப்படியே சூடேறிடும். முதல்லயே இதைச் சேர்த்து எழுதாதது என் தப்பு.

26.2.2024

சுடுதண்ணி பம்பு பத்தி ஒருத்தர் தனியாக் கேட்டார். எல்லாருக்கும் ஆகும்னு இங்கயே எழுதறேன்.

சேலத்துல ஒரு சாயப்பட்டறையில பாய்லர். திரும்பி வர்ற நீராவித் தண்ணியை ஓடையில விட்டுட்டிருந்தாங்க. அதைப் பாய்லருக்குத் தண்ணி குடுக்கற ஃபீடு டேங்குக்குத் திருப்பிக் கொண்டு வந்தோம். ஃபீடு தண்ணி 6 டிகிரி ஏறினா எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சம்ங்கறது பாய்லர்காரங்க கணக்கு. 60 டிகிரியில இருந்த டேங்கு 95-க்கு வந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். அன்னிக்கு ராத்திரியே ஃபீடு பம்பு கத்த ஆரம்பிச்சு, பாய்லர்ல தண்ணி மட்டம் இறங்கி, நெருப்பைத் தள்ளி நிறுத்தினாங்க. பாய்லர்ல தண்ணி இறங்கறது விளையாட்டில்ல, உயிர்ச் சங்கதி.

60 டிகிரித் தண்ணி ஆவியாகாம இருக்க 2 மீட்டர் அழுத்தம் போதும். 95 டிகிரிக்கு 9 மீட்டர் வேணும். சேலத்துக் காத்து குடுக்கறதே பத்து மீட்டர் சொச்சம். மிச்சம் ஒன்றரை மீட்டர்கூட இல்ல, அதை வெச்சு பம்பு கண்ணுக்கே பத்தாது. ஆழத்துலயிருந்து எடுக்கறதென்ன, ஒரே மட்டத்துல இருந்தாலும் எடுக்காது. டேங்கைத் தூக்கி பம்புக்கு மேல மூணரை மீட்டர்ல இரும்புச் சட்டம் போட்டு வெச்சோம். காத்து குடுக்க முடியாததை உயரம் குடுத்துச்சு. எந்த ஆலைக்குப் போனாலும் பாய்லர் ஃபீடு டேங்கு ஏன் பரண் மேல உக்காந்திருக்குன்னு இப்பத் தெரியுதா? இடமில்லாம இல்ல.

2.3.2024

இது ஜவ்வரிசி ஆலைக்காரங்களுக்கு. குச்சிக்கிழங்கு அரைச்ச பாலைச் சின்னக் குழியிலிருந்து பம்பு எடுக்கும்போது மேல சுழி விழும். பாத்ரூம் தண்ணி வடியறப்ப விழுமே, அதே சுழி. அது வழியா நேராக் காத்து உள்ள போகும். குழாயில ஓட்டை தேடுவாங்க, கிடைக்காது. ஒரு மரப்பலகையைச் சுழி மேல மிதக்க விடுங்க. அதுவே போதும். குழியை ஆழப்படுத்தறது நிரந்தர வழி, பலகை அன்னிக்கு வேலை நிக்காம இருக்க.

9.3.2024

ஆத்தூர் தம்பி படம் அனுப்பியிருக்கார். கிணத்துக்குள்ள எட்டடி கீழ, பழைய திட்டு ஒண்ணு புதர் மூடிக் கிடந்திருக்கு. அவங்க தாத்தா வெட்டினது, அவருக்கே தெரியாதாம். சுத்தம் பண்ணி அதே 5 எச்பியை இறக்கிட்டார். தண்ணிக்கு 18 அடி. சக்சன்ல ஒரு வேக்குவம் கேஜ் மாட்டச் சொல்லியிருந்தேன், அழுத்தம் எவ்வளவு குறையுதுன்னு காட்டும். ஓடும்போது 18 இஞ்சு பாதரசம் காட்டுதாம். 20-க்கு மேல போனா எனக்கு எழுதுங்க தம்பி, தண்ணி இன்னும் இறங்குதுன்னு அர்த்தம்.

21.10.2024

ரெண்டு நாளா மழை. தம்பி, மோட்டாரை மேல ஏத்திட்டீங்களா?

21.10.2024, இரவு

ஏத்திட்டாராம். கயித்தை அவங்க அப்பா பிடிச்சிருக்கார்.